சிக்னல் போச்சு என்று சொல்வதற்கு முன்னால்

வாசகர் கேள்விகள்: ட்ரோன் பக்கம்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ட்ரோன் பழுது பார்க்கிறேன். அப்பா காசிமேட்டில் லாஞ்சுகளுக்கு வயர்லெஸ் செட் ரிப்பேர் செய்தவர். சால்டரிங் அயர்ன் பிடிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே வரியில்தான் முடிகின்றன: 'சிக்னல் கட்டாகி விழுந்துடுச்சு.' அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்கா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து 450 மில்லிமீட்டர் ஃப்ரேமில் ட்ரோன் கட்டினோம். மொட்டை மாடியிலிருந்து 40 அடி ஏறியதும் திடீரென்று சுழன்று புரண்டு பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்துவிட்டது. பாகங்கள் வாங்கின கடையில் 'சிக்னல் கட், புது ரிமோட் செட் வாங்கு' என்கிறார்கள். 6,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
*– கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை*

வாங்க வேண்டாம், தம்பி. முதலில் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்களைப் போய்ப் பாருங்கள். ஷீட் உடைந்திருந்தால் மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விழும்போது சத்தம் எப்படி இருந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகப் புரளாது. ரிமோட்டிலிருந்து கட்டளை வரவில்லை என்பது ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலருக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லி வைத்த வேலையை அது செய்யும். நின்ற இடத்தில் நிற்கும், இல்லையென்றால் மெதுவாக இறங்கும், இல்லையென்றால் கிளம்பின இடத்துக்குத் திரும்பும். இதைத்தான் ஃபெயில்சேஃப் என்கிறோம். ரேசிங் ட்ரோன்களில் பெரும்பாலும் 'டிராப்' என்று வைத்திருப்பார்கள். அதில் நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் நின்று கல் மாதிரி கீழே வரும். அப்போதும் சத்தமே இருக்காது. பேட்டரி கனெக்டர் கழன்றாலும் அதே அமைதிதான்.

வீல் என்று ஒரு மோட்டார் கத்திக்கொண்டே, பம்பரம் மாதிரி சுற்றி விழுந்திருந்தால் கதை வேறு. ப்ரொப்பெல்லர் (சுருக்கமாக ப்ராப்) உடைந்த மோட்டாருக்குச் சுமை போய்விடும், அதனால் வேகம் எகிறி அப்படிக் கத்தும். மற்ற மூன்றும் தள்ளிக்கொண்டே இருக்கும். நாலு மோட்டார் ட்ரோனில் குறுக்காக உள்ள இரண்டிரண்டு ப்ராப்கள் ஒரே திசையில் சுற்றி, ஒன்றின் முறுக்கை மற்றொன்று சமன் செய்கின்றன. நாலில் ஒன்று போனால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். ஆறு மோட்டார், எட்டு மோட்டார் வைத்தவை ஒன்றை இழந்தும் இறங்கிவிட முடியும். நாலுக்கு அந்த வசதி கிடையாது.

இதை எழுதுவதற்கு முன் அந்த மாணவரை உடைந்த துண்டுகளோடு கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தார். நகை ஆசாரிகள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன், சௌகார்பேட்டையில் வாங்கியது. அதில் பார்த்தோம். உடைந்த முகத்தில் பாதி அழுக்கேறி மங்கலாக இருந்தது. மீதிப் பாதி இப்போதுதான் கிழித்த மாதிரி வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அழுக்குப் பாதி பழைய விரிசல். பல நாளாகத் திறந்திருந்து தூசி குடித்த இடம். வெள்ளைப் பாதிதான் அன்றைக்கு உடைந்தது. விரிசல் இருந்த இடமும் எப்போதும் இருக்கிற இடமே: இதழ் நடுக்குமிழோடு சேரும் அடி. உடையாத இன்னொரு ப்ராப்பை விரலால் லேசாக வளைத்தோம். அதிலும் அதே இடத்தில் தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அடுத்த முறை பறந்திருந்தால் அதுதான் போயிருக்கும்.

அந்த அடிப்பகுதி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 10 அங்குல ப்ராப்பில் ஓர் இதழ் 5 கிராம் என்று வையுங்கள். அதன் எடை மையம் தண்டிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அந்த 5 கிராம் இதழ் வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 20 கிலோவுக்கு மேல். வீட்டுக்கு வருகிற வாட்டர் கேனை நிரப்பி அந்த மெல்லிய பிளாஸ்டிக்கில் தொங்கவிட்டதற்குச் சமம். ஒவ்வொரு பறப்பிலும் அதே பாரம் ஏறி இறங்குகிறது. போன மாதம் தரையில் ஒருமுறை தட்டியபோது விழுந்த சின்னக் கீறல், இந்த மாதம் விரிசலாகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பம் உலகின் மிகப் பெரிய பொறியாளர்களுக்கும் வந்தது. செவ்வாய் கிரகத்தில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், நம் கிண்டி பக்கம் ஐஐடியில் படித்தவர். 2021 ஏப்ரல் 19 அன்று முதலில் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று செய்தது 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று 72ஆவது பறப்பில் இறங்கும்போது அதன் சிக்னலைப் பூமிக்குக் கடத்தும் ரோவர் என்ற தரை வண்டியோடு இருந்த தொடர்பு அறுந்தது. அந்த நேரத்தில் பூமியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: சிக்னல் போச்சு. தொடர்பு திரும்பி, படங்கள் வந்த பிறகுதான் இறக்கை உடைந்திருப்பது தெரிந்தது. ஆய்வு செய்தவர்கள் சொன்ன வரிசை இது. கீழே அடையாளமே இல்லாத மணல் அலைகள். தரையைப் பார்த்துத் தன் வேகத்தைக் கணக்கிடும் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கவாட்டு வேகத்தோடு மோதி இறங்கியது. இறக்கைகள் நுனியிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முறிந்தன. அந்த அதிர்வில் ஓர் இறக்கை அடியோடு பிய்ந்தது. அப்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கப்பட்டு, அதனால்தான் ரேடியோ நின்றது. சிக்னல் கடைசியில் போனது, முதலில் போகவில்லை.

ஆகவே தம்பி, நாலு ப்ராப்பையும் மாற்றுங்கள். 6,000 வேண்டாம், சில நூறு ரூபாய் போதும். ப்ராப்பை இறுக்கும் நட்டுக்குள் நைலான் வளையம் இருக்கிறதா பாருங்கள், அது தேய்ந்திருந்தால் நட்டையும் மாற்றுங்கள். ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சோதித்துவிட்டேன்.

மேடம், கல்யாண வீடியோ எடுக்கிறேன். ட்ரோன் டப்பாவில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மண்டபத்து மாடியிலிருந்து 150 மீட்டர் போனாலே படம் உறைகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*– வீடியோகிராபர், ராயபுரம்*

ஏமாற்று இல்லை சார். அந்த 10 கிலோமீட்டர், தடையோ வேறு சிக்னலோ இல்லாத வெட்டவெளியில் எடுத்த அளவு. நீங்கள் நிற்பது ராயபுரத்துக் கல்யாண மண்டபம். கீழே 300 பேர் என்றால் 300 போன். லைவ் ஓட்டுகிறவரின் வைஃபை, மண்டபத்து வைஃபை, சுற்றி இருக்கும் வீடுகளின் வைஃபை. எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். உங்கள் ட்ரோன் அந்தக் கூட்டத்தில்தான் உங்கள் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் வலு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் இரண்டு தவறு தெரிந்தது. ஆன்டெனாக் குச்சியின் நுனியை ட்ரோனைப் பார்த்துத் துப்பாக்கி மாதிரி நீட்டியிருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். குச்சியிலிருந்து சிக்னல் பரவும் வடிவம் ஒரு மெதுவடை. வடையின் ஓட்டைக்குள் குச்சியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இருப்பது வடை இருக்கும் இடத்தில், ஓட்டையின் நேருக்கு ஒன்றும் இல்லை. குச்சியின் பக்கவாட்டு முகம் ட்ரோனைப் பார்க்க வேண்டும். தட்டை ஆன்டெனா வைத்த ரிமோட்டுக்கும் அப்படியே, தட்டையான பக்கம் ட்ரோனை நோக்கி.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி. 'ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிறதே, தொட்டி பக்கத்தில்தானே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியோவுக்குக் கண் பார்வை மாதிரி நூல் பிடித்த கோடு போதாது. உங்களுக்கும் ட்ரோனுக்கும் நடுவே அது ஒரு சுரைக்காய் மாதிரி நடுவில் பருத்துப் போகிறது. 200 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் சுமார் இரண்டரை மீட்டர் ஆரம், ஒரு கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர். அந்தப் பருமனுக்குள் தண்ணீர்த் தொட்டி, தகர ஷெட், கம்பி போட்ட கான்கிரீட் எது நுழைந்தாலும் வலு குறையும். மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நில்லுங்கள். ரிமோட்டில் செருகியிருக்கும் போனில் வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அணைத்து வையுங்கள். ஆப்பில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வசதி இருந்தால் மாற்றிப் பாருங்கள். தூரம் குறையும், ஆனால் கூட்டம் குறைவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் உள்ளதைக் காசுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே துறைமுகம், ஜார்ஜ் கோட்டை. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள ட்ரோன் வரைபடத்தைத் திறந்து அந்தத் தெரு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் வாங்குங்கள். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கவாட்டிலிருந்து எடுத்தாலும் அழகாகத்தான் இருப்பார்கள்.

ஒரே நேரத்தில் பத்துப் பேர் ரிமோட் வைத்திருந்தால் ஒருவர் கட்டளையை இன்னொரு ட்ரோன் கேட்காதா?
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், பெரம்பூர்*

கேட்காது ஐயா. முதலில் ரிமோட்டையும் ரிசீவரையும் 'பைண்ட்' செய்கிறோம். அதற்குப் பிறகு ரிசீவர் அந்த ஒரு ரிமோட்டின் அடையாளத்தை மட்டும் ஏற்கும். இருவரும் சேர்ந்து நொடிக்குப் பலமுறை ஒரு சானலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே பேசுவார்கள். அந்தத் தாவல் வரிசை அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். இந்த யோசனைக்கு 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய இருவரில் ஒருவர் ஹெடி லமார் என்ற நடிகை. இன்னொருவர் ஜார்ஜ் ஆந்தீல் என்ற இசையமைப்பாளர். பியானோவில் 88 கட்டைகள் இருப்பதுபோல் 88 அலைவரிசைகள் வைத்தார்கள். டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க யோசித்தது அது.

அக்கா, அப்பாவோட லாஞ்சில் போய் வலை இழுக்கிறதை ட்ரோனில் எடுத்தேன். சிக்னல் குறைந்ததும் 'ரிட்டர்ன் ஹோம்' தானாக ஆன் ஆனது. கண் முன்னாலேயே போய்க் கடலில் இறங்கிவிட்டது. 50,000 ரூபாய் அக்கா. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.
*– காசிமேடு*

தம்பி, ட்ரோன் தவறு செய்யவில்லை, நீயும் வேண்டுமென்று செய்யவில்லை. அப்பாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டு.

'ஹோம்' என்றால் ட்ரோனுக்கு உங்கள் லாஞ்சு இல்லை. கிளம்பின நிமிடத்தில் ஜிபிஎஸ் குறித்துக்கொண்ட ஒரு புள்ளி. லாஞ்சு 8 நாட் வேகத்தில் ஓடினால் பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ட்ரோன் நல்ல பிள்ளையாக அந்தப் பழைய புள்ளிக்குப் போய், கீழே தரை இருக்கிறது என்று நம்பி, தண்ணீரில் இறங்கியது.

படகிலிருந்து பறப்பவர்கள் ஃபெயில்சேஃபை 'ரிட்டர்ன்' என்பதிலிருந்து 'ஹோவர்' என்று மாற்றி வைக்க வேண்டும். சிக்னல் போனால் அது அங்கேயே நிற்கும். நீங்கள் படகைத் திருப்பி அதை நோக்கிப் போனால் சிக்னல் திரும்பி வரும். சில ஆப்களில் ஹோம் புள்ளியை ரிமோட் இருக்கும் இடத்துக்கு மாற்றலாம், பறக்கும்போது அதை அடிக்கடி அழுத்திக்கொண்டே இரு. பேட்டரி 50 சதவீதம் வந்ததும் அழைத்துவிடு. கடலில் எதிர்க்காற்று எப்போது கூடும் என்று உன் அப்பாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், அவரைக் கேட்டுவிட்டுப் பறக்கவிடு.

இன்னும் இரண்டு விஷயம். ட்ரோனை ஆன் செய்யும்போது அதிலுள்ள கைரோ (சாய்வையும் சுழற்சியையும் உணரும் சென்சார்) அசையாமல் இருக்க வேண்டும், அலையில் ஆடும் படகில் அது தன் சமநிலையைத் தவறாகக் கற்றுக்கொள்ளலாம். இஞ்சினும் இரும்புத் தகடும் காம்பஸைக் குழப்பும். ஆகவே இரும்பிலிருந்து தள்ளி, மரப்பலகை மேல் வைத்துக் கிளப்பு. அப்புறம் அந்தப் பருந்துகள். மீன் இறங்கும் இடத்தில் அவை எவ்வளவு தாழ வட்டமிடும் என்று காசிமேட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை. பருந்து நெருங்கினால் படம் போனால் போகட்டும், உடனே இறக்கிவிடு.

2022இல் திருவொற்றியூர் கரையில் நானும் ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தேன். ரிசீவரில் ஃபெயில்சேஃப் 'ஹோல்டு' என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. சிக்னல் அறுந்தபோது கடைசியாகக் கொடுத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு கிழக்கே நேராகப் போனது. புள்ளியாகி மறையும்வரை நின்று பார்த்தேன். அன்றிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு ட்ரோனிலும் ப்ராப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்து, அது என்ன செய்கிறது என்று பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கிறேன். இரண்டு நிமிடம் ஆகும். காசு வாங்குவதில்லை.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். 5 அங்குல ரேசிங் ட்ரோன் வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் இன்னும் காத்தாடி விடுகிறார்கள். போன வாரம் மாஞ்சா சிக்கி ட்ரோனில் புகை வந்தது. பயமாக இருக்கிறது.
*– ஒரு தாய், வியாசர்பாடி*

நீங்கள் பயப்படுவது நியாயம் அக்கா. மாஞ்சா நூல் ப்ராப்பில் அறுந்து போவதில்லை, மோட்டாரின் தண்டில் நூற்கண்டு மாதிரி சுற்றி அதை இறுக்கிவிடும். மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கும்போது அதற்குக் கரண்ட் கொடுக்கும் மோட்டார் கன்ட்ரோலர் இன்னும் இன்னும் கரண்டைத் தள்ளும், அப்போதுதான் புகை. அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. கண்ணாடித் தூள் பேரிங்குக்குள் போயிருக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. சிக்கிய நூலை இழுத்துக்கொண்டு ட்ரோன் தெருவைத் தாண்டினால், பைக்கில் வருகிறவர் கழுத்துக்கு நேராக அது வரும். மாஞ்சா இந்தப் பக்கத்து வீடுகளில் என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். போலீஸ் தடை போட்ட பிறகும் விற்கிறார்கள். வானத்தில் ஒரு காத்தாடி தெரிந்தாலும் அன்றைக்குப் பறக்கவிடக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5 அங்குல ப்ராப் நிமிடத்துக்கு 25,000 சுற்று போனால் அதன் நுனி மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டும். வீட்டுக்குள் மேசை மேல் வைத்துச் சோதிக்கும்போது ப்ராப் மாட்டியிருக்கவே கூடாது. கையை அருகே கொண்டுபோகும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இந்த இரண்டையும் அவன் செய்கிறானா என்று ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செய்தால் விடுங்கள், நன்றாக வருவான்.

எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்திருப்பதைப் படமெடுக்க விரும்புகிறோம். ஹைடென்ஷன் லைன் சிக்னலைக் கெடுக்குமா?
*– இளைஞர்கள் சிலர், கத்திவாக்கம்*

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அந்த லைனின் இரைச்சல் பெரிய எதிரி இல்லை. ஆபத்து வேறு. இரும்புக் கோபுரமும் லைனில் ஓடும் கரண்டும் காம்பஸைத் திருப்பும். திசை தவறினால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காமல் பெரிய பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். அப்படிச் சுற்றினால் ஜிபிஎஸ் மோடை விட்டுக் கையால் ஓட்டி வெளியே கொண்டுவாருங்கள். கம்பியே கேமராவில் தெரியாது, கோபுரத்தைப் பார்த்துத்தான் கம்பியைக் கணிக்க வேண்டும். பறந்து முடித்ததும் மோட்டாருக்குள் சாம்பலை ஊதி எடுங்கள்.

அதற்கெல்லாம் முன் அனுமதி. துறைமுகங்கள், மின் நிலையங்கள், சுத்திகரிப்பு ஆலை எல்லாம் சூழ்ந்த இடம் அது. வரைபடத்தில் சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. உங்கள் படம் ஊருக்குத் தேவையான படம். ட்ரோனைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்தால் அது யாருக்கும் பயன்படாது. அனுமதி வரும்வரை படகிலிருந்தும் பாலத்திலிருந்தும் எடுங்கள்.

ட்ரோனிலிருந்து பேட்டரி, உயரம் போன்ற விவரங்களைத் தரைக்கு அனுப்பும் 915 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி செட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*– பாலிடெக்னிக் மாணவி, மணலி*

வேண்டாம்மா. 902 முதல் 928 வரை அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பகுதி. இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் இடம். உன் ட்ரோனும் கெடும், பக்கத்து வீட்டுப் போனும் கெடும். இந்தியாவில் உரிமம் தேவையில்லாதது 865 முதல் 868 வரை. அந்தப் பகுதிக்கு என்று விற்கும் மாடலைக் கேட்டு வாங்கு.

விரிசல் விட்ட ப்ராப்பை ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? புதிதாக இருக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை.
*– புது வண்ணாரப்பேட்டை*

ஒட்டக் கூடாது. முதல் பதிலில் சொன்ன அந்த 20 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பசையும் அங்கே நிற்காது. ஒட்டின பக்கம் கனம் கூடி அதிர்வும் சேரும். குப்பையில் அப்படியே போடாதீர்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் அதைப் பொறுக்கி வந்து 'அக்கா, நல்லாத்தான் இருக்கு, மாட்டிக் கொடு' என்று நிற்கிறார்கள். கட்டிங் பிளேயரால் நாலு துண்டாக நறுக்கிப் போடுங்கள்.